சிவப்பாகத் தெரியும் தெரு

ஜூன் 23, திங்கள்

தம்பிக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. மெயில் அனுப்பலாம் என்றால் நம் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே மெயில், எனக்கு நானே எழுதிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் தாளில் எழுதி உன் அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கடையைத் தாண்டித்தானே அவர் வேலைக்குப் போகிறார். "நான் என்ன தபால்காரனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். பிரித்த தடம் தெரிந்தால் எனக்குச் சொல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். நகரத்துச் சாலைகளெல்லாம் சுவர் முழுக்கக் கோடுகளாக எரியும், நான் எதிரே உட்கார்ந்து எந்தச் சிக்னலுக்கு எத்தனை நொடி என்று கூட்டிக் குறைப்பேன். வண்டி ஓடினால் பச்சை, ஊர்ந்தால் சிவப்பு. இரண்டு வாரமாக உன் தெரு காலையில் சிவப்பாக எரிகிறது. கேமராவில் பார்த்தால் ஒரு வண்டி இல்லை. ஒரே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான். சைக்கிள் கூடையில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று.

அந்த நடை யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோளை ஒரு பக்கம் சாய்த்து நடக்காதே என்று எத்தனை தடவை உன் முதுகில் தட்டியிருப்பேன்!

அப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் மெயிலைத் திறந்தால் வரிசையாக, "உங்கள் கணக்கு ஒரு புதிய போனில் திறக்கப்பட்டுள்ளது, அது நீங்கள்தானா?" என்று கேட்டு நிற்கிறது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூடை போன். நீ ரிப்பேர் கடையில் போட்டு வைத்திருக்கும் பழைய போன்களுக்கெல்லாம் உயிர் கொடுத்து, மேப்பை ஓடவிட்டு, கூடையில் வைத்துத் தள்ளுகிறாய். மேப் அதை நெரிசல் என்று நினைத்து, எங்கள் சுவரிலும் சிவப்பைக் காட்டி, எல்லோரையும் வேறு வழியில் திருப்பிவிடுகிறது. புத்திசாலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை போனிலும் நம் குடும்ப மெயிலைப் போட்டாயே, அந்தப் புத்தி எங்கே போயிற்று?

வண்டியில்லாத சிவப்பு எப்படி வந்தது என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றோடு நிறுத்திவிடு.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

அத்தான் பிரிக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பார் போல, கை வைத்த இடமெல்லாம் கசங்கியிருக்கிறது.

நீ என் மெயிலைப் படிக்கிறாய். முதலில் அதற்குப் பதில் சொல். வாலுவுக்குக் காலில் தகடு வைத்த ஆஸ்பத்திரி அறிக்கை அதில்தான் வந்தது. அவள் அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் மருந்துக்கடைக்கு எழுதியதும் அதில்தான். எல்லாவற்றையும் நீ படித்திருப்பாய். படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டாயா? போன் எடுக்கவில்லை என்கிறாயே, நேரில் வர என்ன தடை?

அவள் அடிபட்ட கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன் சுவரில் அது தெரியாது. நம் தெருவில் முன்பு வண்டி என்றால் பால் வண்டி, பள்ளி வேன், அவ்வளவுதான். மேப்பில் யாரோ ஒரு புண்ணியவான் இதைக் குறுக்கு வழி என்று கண்டுபிடித்த நாளிலிருந்து காலையில் வாசலில் கால் வைக்க முடியவில்லை. என் மகள் கடைப் படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். படியில், அக்கா, தெருவில்கூட இல்லை. பைக்கில் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து மோதினான். இறங்கி அவன் கேட்ட முதல் கேள்வி, "இந்த வழியா போனா மெயின் ரோடு வருமா?"

வேகத்தடை கேட்டு மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும், "தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று மெஷின் பதில் போட்டது. உன் ஆபீஸ் மெஷின். உன்னிடம் கேட்டேன். "சொந்தத் தம்பியின் தெருவுக்கு நான் எப்படிச் சிபாரிசு பண்ணுவேன்? நாலு பேர் பேசுவாங்க" என்றாய். அந்த நாலு பேரும் இப்போது நன்றாக இருக்கிறார்களா?

கட்டுப் பிரித்த பிறகும் வாலு வெளியே வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவிடுவாள். பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. டாக்டர், கவுன்சிலர், பக்கத்துக் கடைத் தையல்காரர், எல்லோரும் யோசனை சொன்னார்கள். கடைசியில் நான் என் கையில் இருந்ததை வைத்து ஒன்று செய்தேன். தெரு அமைதியானது. போன வாரம் அவளாகவே கதவைத் திறந்து படி இறங்கினாள். தெருவைப் பார்த்தாள். "அப்பா, எல்லா வண்டியும் எங்கப்பா போச்சு?" என்றாள்.

இதை நிறுத்தச் சொல்கிறாய். நிறுத்த மாட்டேன். நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சொல்லாதே.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

யார் யாருடைய மெயிலைப் படிக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அது எனக்கும் உனக்கும் சேர்த்துத் திறந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து, தேர்வு விண்ணப்பம் அனுப்ப ஒன்று போதும் என்று நீதான் சொன்னாய். அப்புறம் உனக்கும் சோம்பல், எனக்கும் சோம்பல். என் மாற்றல் விண்ணப்பத்தை நீ படிக்கவில்லையா? எனக்குக் கர்ப்பம் கலைந்த அறிக்கை வந்த அன்று, நான் யாரிடமும் சொல்வதற்கு முன்னால் சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவன் யார்? ஒன்றும் கேட்காமல் என் மிக்சியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தாய். மிக்சி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் உன் மாதிரி வந்து நிற்கவில்லை. அது என் தப்புதான். வாலுவின் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு முறை பஸ் ஏறினேன், உன் நிறுத்தத்தில் இறங்காமலே திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் வாலு கேட்டாளே, அந்த வண்டியெல்லாம் எங்கே போயிற்று என்று, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கால்வாய்ச் சாலைக்குப் போகிறது. உனக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை, நடக்க ஓரமே கிடையாது. அதில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. இரண்டு வாரமாகக் காலையில் அங்கே எறும்பு நுழைய இடமில்லை. நேற்று ஒரு ஆம்புலன்ஸ் உன் தெரு வழியாகப் போயிருக்க வேண்டியது. மேப்பில் சிவப்பு என்று கால்வாய்ச் சாலையில் திரும்பி மாட்டிக்கொண்டது. நான் அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னால் இருந்த சிக்னலைப் பச்சையிலேயே நிறுத்தி வைத்தேன். அது நகரவில்லை. உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நீயாகவே வந்து அதிகாரியிடம் சொல்லிவிடு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அக்கா

*

ஜூன் 26, காலை

அக்கா,

ஆம்புலன்ஸ் கதையை நான் நம்பவில்லை. பயமுறுத்த எழுதியிருக்கிறாய். உன் ஆபீசுக்கு ஒரு தெருவை அகலப்படுத்தத் தெரியாது, பழியைத் தூக்கி என் சைக்கிள் கூடையில் போடத் தெரியும்.

மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இனி நீ திறக்க முடியாது. கூட்டத்தில் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று நீயே யோசித்துக்கொள்.

தம்பி

*

ஜூன் 26, மாலை

என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாய். நல்லது.

மதியம் கூட்டத்துக்கான குறிப்பு ஒன்றை எடுக்கத் திறந்தேன், "தவறான பாஸ்வேர்ட்" என்றது. தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி மறுபடி அடித்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்ன மேடம், உங்க வீட்டுக் கதவே உங்களுக்குத் திறக்கலையா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் கடைசிப் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன. நீயும் நானும் சண்டை போட்டு அப்புறம் சமாதானமான கதையெல்லாம் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நொடியில் உன்னுடையதாக்கிக்கொண்டாய்.

இவ்வளவு நாளும் உன்னைக் காப்பாற்ற என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். "கேமரா கோளாறு", "மேப் கோளாறு", எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள். இப்போது அந்த யோசனையும் விட்டுப்போயிற்று. நாளை பதினொரு மணிக்குக் கூட்டம். உண்மையைச் சொல்லப் போகிறேன்.

*

ஜூன் 27, காலை

அக்கா,

இதை அத்தான் கையில் கொடுத்து, கூட்டத்துக்கு முன்னால் உன்னிடம் சேர்த்துவிடும்படி கெஞ்சியிருக்கிறேன். வேகமாக எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

பாஸ்வேர்டை மாற்றியது உன்னை வெளியே தள்ள இல்லை. உன்னால் பொய் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் உன் காது சிவந்துவிடும். உன் கையில் அந்த மெயில் இருக்கும்வரை யார் கேட்டாலும் உளறிவிடுவாய். திறக்கவே முடியாவிட்டால், "எனக்கு எதுவும் தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று காது சிவக்காமல் சொல்லலாமே என்று நினைத்தேன். அதை அப்படியே எழுதியிருக்கலாம். கோபத்தில் குத்தலாக எழுதிவிட்டேன்.

நேற்று உன் கடிதத்தைப் பொய்யாக்கிவிடலாம் என்று கால்வாய்ச் சாலைக்குப் போனேன். பொய் இல்லை. ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். வண்டி உரசிக்கொண்டு போகப் போகக் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டே இருந்தாள். குழந்தையின் ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்துவிட்டது. அது வீறிட்டு அழுதது. நான் இறங்கி எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டு வாரமா இப்படித்தாங்க, என்ன ஆச்சுன்னே தெரியல" என்றாள். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

என் வாசலில் இருந்ததைக் கூட்டி அவள் வாசலில் தள்ளியிருக்கிறேன், அவ்வளவுதான் நான் செய்தது.

இன்று காலை போன்களை அணைத்துவிட்டேன். மறுபடி போட மாட்டேன். நீ கூட்டத்தில் ஒன்றும் சொல்லாதே. தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யும் இல்லை.

தம்பி

*

ஜூன் 27, மாலை

தம்பிக்கு,

உன் கடிதம் எனக்குக் கூட்டம் முடிந்த பிறகு வந்தது. ஏன் என்று கேள். நீ போன்களை அணைத்ததும் உன் தெரு பச்சையாகிவிட்டது. ஊரில் உள்ள வண்டியெல்லாம் அதற்குள் புகுந்தது. உன் அத்தான் உன் கடை வாசலில் காரை எடுத்தவர், தெரு முனையைத் தாண்ட முடியாமல் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹார்ன் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சுவரில் உன் தெரு சிவந்ததை நானும் பார்த்தேன். கேமராவைத் திறந்து பார்க்காமலே, நீதான் மறுபடி தள்ளுகிறாய் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடுதான் உள்ளே போனேன்.

சொல்லிவிட்டேன். உன் பெயர், உன் கடை, சைக்கிள், கூடை, எல்லாம். உன் அக்கா நான் என்பதையும் சொன்னேன். காது சிவக்கவில்லை. கண்தான் சிவந்தது.

அதிகாரி திட்டுவார், போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சைக்கிள் கூடையா? நாம கோடிக்கணக்குல மெஷின் வாங்கி வெச்சிருக்கோம், இவன் சைக்கிள் கூடையில முடிச்சுட்டானே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு, என்னிடம் கதவைச் சாத்தச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "எங்க குவார்ட்டர்ஸ் தெருவிலயும் இதே தொல்லைதாம்மா. காலையில காரை வெளிய எடுக்க முடியல. உங்க தம்பிய திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. அங்க செஞ்சு காட்டட்டும். இந்த ஃபைலை மூடிடலாம். அவர் தெரு முனையில இரும்புத் தூணும் போட்டுத் தர்றேன், ஒரு வண்டி உள்ள வராது."

இரும்புத் தூண். மூன்று மனுவுக்குக் கிடைக்காதது.

வர மறுத்தால் உன் மேல் புகார் எழுத வேண்டும், நானே எழுத வேண்டும் என்றார். நான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். தூண் வந்தால் வாலு பயமில்லாமல் படி இறங்குவாள். அதனால் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன். போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். இந்த ஒரு தடவை உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா

*

ஜூன் 29, ஞாயிறு

அக்கா,

நீ சொல்லிவிட்டாய் என்று படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். வாலுவின் அம்மா எடுத்து நீவி மேசையில் வைத்தாள். "உங்க அக்கா மறைக்காம எழுதியிருக்காங்களே, அதைப் பாருங்க" என்றாள். அன்று முழுக்க அவளோடும் பேசவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், தூண் என்ற சொல்லைப் படித்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெரு முனைக்குப் போய் எந்த இடத்தில் ஊன்றலாம் என்றுகூடக் காலால் கோடு போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து வாலு மறுபடி உள்ளறைக்குப் போய்விட்டாள். "வண்டியெல்லாம் திரும்பி வந்துருச்சாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ என்ன பண்ணினாய் என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். உனக்குத் தெரியாமல் இருக்காது. குவார்ட்டர்ஸ் தெரு சிவந்தால் அந்த வண்டியெல்லாம் எங்கே போகும்? நான் என் போனில் மேப்பைத் திறந்து விரலால் நகர்த்திப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது. அந்தக் குழந்தையின் செருப்பு விழுந்த இடத்தில்.

நான் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு இரும்புத் தூண், அவள் வீட்டுக்கு இன்னும் நூறு வண்டி என்றால் அந்தத் தூணைப் பார்க்கிற போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். "தபால் போய் இப்ப பார்சலா?" என்று கேட்டார். அதிகாரி மேசையில் வைத்துவிடு. புகாரை எழுது. உன் கையெழுத்தில் வரட்டும், எனக்கு வருத்தமில்லை. இருக்கிறது, ஆனால் எழுது.

புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அப்பாவின் படங்கள் உனக்கும்தான்.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

சாக்கை அதிகாரி மேசையில் வைத்தேன். உள்ளே ஒரு போன் அலாரம் அடித்தது, அவர் நாற்காலியோடு பின்னால் போனார். அந்த ஒரு நொடிக்காகவே நான் இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று தோன்றியது.

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ செய்ததை எழுதினேன், நீயாகவே நிறுத்தியதை எழுதினேன், ஆம்புலன்ஸ் நின்றதை எழுதினேன். கதவைச் சாத்திக்கொண்டு அவர் கேட்டதையும் எழுதி, ஒரு பிரதியை அவருக்கு மேலே இருப்பவருக்கு அனுப்பிவிட்டேன். உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அபராதம் இருக்கும். என்னைக் கிடங்குக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அங்கே பழைய சிக்னல் விளக்குகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். எனக்குப் பயம் இருக்கிறது. ஆனால் இன்று சாப்பாடு இறங்கியது.

கடைசித் தாளில் ஒரு மனு வைத்தேன். உன் தெருவுக்கும் கால்வாய்ச் சாலைக்கும் சேர்த்து வேகத்தடை வேண்டும் என்று. மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர், உறவு என்ற இடத்தில் "அடிபட்ட குழந்தையின் அத்தை". நாலு பேர் பேசட்டும்.

அதையே இணையத்திலும் பதிந்தேன். மெஷின் உடனே பதில் போட்டது, என் கருத்து மிகவும் முக்கியமாம். எனக்கும் போட்டுவிட்டது பார்! தடை எப்போது வரும் என்று தெரியாது. வருகிறவரை, நாளையிலிருந்து என் வேலை நேரம் தொடங்கும் முன் வாலுவை நான் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். அவளிடம் வண்டி வராது என்று பொய் சொல்லாதே. வண்டி வரும், அத்தை கையைப் பிடித்துக்கொள்வாள் என்று சொல். வர மாட்டேன் என்றால் படியிலேயே அவளோடு உட்கார்ந்திருக்கிறேன், மறுநாளும் வருகிறேன்.

உன் துண்டுத் தாளை நான் பிரிக்கவில்லை. படங்களை நீயே அனுப்பு. எனக்கென்று தனியாக ஒரு மெயில் இன்று தொடங்கினேன். பாஸ்வேர்ட் மறந்துபோனால், உள்ளே வர முடியாமல் மாட்டிக்கொண்டால், யாருடைய போனுக்குத் தகவல் அனுப்பலாம் என்று கேட்டது. ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தானின் எண்ணைப் போட்டால் அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உன் எண்ணைப் போட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு, மாலையில் நான் அதை மெயிலில் உறுதி செய்வேன். உன் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே போட்டிருக்கும். தாளில் எழுதி அனுப்பாதே, பத்து நிமிஷத்தில் அது செத்துவிடுமாம். அதனால் நான் கூப்பிடுவேன்.

போனை எடு.

அக்கா